பீற்றூட்டுக்கு உப்புத் தண்ணீர்

நாற்பத்தெட்டு வயதில் நான் மாங்குளத்துக்குக் கிட்ட உள்ள ஒரு பண்ணைக் கல்லூரியில் சர்வதேச விவசாயம் படிக்கச் சேர்ந்தேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது முழு வகுப்பும் எழும்பி நின்று வணக்கம் சொன்னது. நானும் மரியாதையாகப் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, கரும்பலகையைத் தாண்டி, பின் வாங்கிலில் போய் இருந்தேன். முதல் நாள் ‘சேர்’. அடுத்த நாள் ‘அண்ணை’. அந்தக் கிழமை முடிவதற்குள் ‘அங்கிள்’. இவ்வளவு வேகமாகப் பதவி இறக்கம் கிடைத்த இடம் எனக்கு வேறில்லை.

அதற்கு முதல் நான் பல வருடம் தொண்டு நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிப் பிழைத்தவன். வன்னி விவசாயிகளின் வாழ்வாதாரம் எப்படி நிமிர்கிறது, எப்படி நிமிர வேண்டும், ஏன் இன்னும் நிமிரவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எழுதியவனுக்கு மிளகாய்க் கன்றையும் கத்தரிக் கன்றையும் பிரித்தறியத் தெரியாது என்பது ஆங்கிலத்தில் வெளியே தெரியாது. பிறகு நிதி வேறு நாட்டுக்குப் போனது. நிறுவனமும் அதன் பின்னால் போனது. எனக்கு மிஞ்சியது குளத்துக்குக் கீழே அப்பா விட்டுப்போன வயல் மட்டும்தான்.

எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்த குடும்பம். ஆகவே விவசாயம் என் இரத்தத்தில் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். என் இரத்தத்தைப் பல தடவை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சீனிதான் இருக்கிறது.

“வாசிச்சது காணாதெண்டோ இப்ப சாணி அள்ளப் போறியள்?” என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டது சரியாகத்தான் நடந்தது. அந்தக் கல்லூரியில் காலையில் மாட்டுக்கொட்டில், பின்னேரம் உலகம். விடியச் சாணி அள்ளி, பாத்தி கொத்தி, தண்ணீர் விட்டு, குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து இருந்தால், விரிவுரையாளர் சுவரில் படம் போட்டு பெரு நாட்டு மலைப் படிகளையும் பாலைவனத்துச் சொட்டு நீரையும் காட்டுவார். சாப்பிட்ட வயிற்றோடு பாதி வகுப்பு கண்ணயர்ந்துவிடும். அந்த வகையில் நான் ஏழெட்டு நாடுகளை நித்திரையில் சுற்றிப் பார்த்திருக்கிறேன்.

படிப்பின் முக்கிய பகுதி பரிசோதனைப் பாத்தி. ஒவ்வொருவரும் வெளிநாட்டுப் பயிர் ஒன்றையோ வெளிநாட்டு முறை ஒன்றையோ எடுத்து எங்கள் மண்ணில் செய்து காட்ட வேண்டும். நான் கீன்வா எடுத்தேன். தென்னமெரிக்க மலைகளில் விளையும் தானியம். அதைப் பற்றி நிறைய வாசித்திருந்தேன். மாங்குளத்துக் குருவிகளுக்கு அதுவரை வெளிநாட்டுச் சாப்பாடு கிடைத்ததில்லை என்பதைத்தான் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

பக்கத்துப் பாத்தி ஒரு கொக்கிளாய்ப் பிள்ளையுடையது. இருபத்திரண்டு வயதிருக்கும். கடலோரக் களப்பில் மீன்பிடிக்கும் குடும்பம், வேதக்காரர், கழுத்தில் சின்னச் சிலுவை. அவள் எடுத்தது பீற்றூட். பீற்றூட்டில் என்ன சர்வதேசம் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, அவள் கடையில் ஒரு பை கட்டி உப்பு வாங்கிக்கொண்டு வந்து வாளித் தண்ணீரில் கரைத்துப் பாத்திக்கு ஊற்றத் தொடங்கினாள்.

“என்னடி, பீற்றூட்டோ கருவாடோ?” என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள்.

“கருவாடு. உனக்குத் தரமாட்டன், போ,” என்பாள்.

எனக்கு மட்டும் ஒருநாள் விளக்கம் சொன்னாள். கொக்கிளாயில் அவர்கள் வீட்டு வேலியிலிருந்து களப்புவரை அவர்களுடைய காணி கிடக்கிறது. கோடை வந்தால் நிலம் வெள்ளையாகப் பூக்கும். கிணறும் கரிக்கும். ஆடுகூட அந்தப் பக்கம் போகாது. நெதர்லாந்தில், அதாவது பழைய பெயரில் ஒல்லாந்தில், இதே மாதிரிக் கடலோர உவர் நிலத்தில் மரக்கறி செய்கிற பண்ணை ஒன்று இருக்கிறது. எங்கள் கல்லூரியிலிருந்து வருடம் ஒருவரை அங்கே ஒரு வருடப் பயிற்சிக்கு எடுப்பார்கள். ஒரே ஒருவரை.

“எனக்கு அந்த இடம் வேணும் அங்கிள். கிடைக்காட்டி வாற மாதம் கிளிநொச்சியில கார்மென்ற் தையல் வேலைக்குப் போகச் சொல்லி அண்ணா கதைச்சு வைச்சிட்டான். அங்க போனால் பிறகு மண்ணைத் தொட விடமாட்டினம்.”

அவளுடைய பாத்தி நாலு துண்டு. ஒன்றுக்கு நல்ல தண்ணீர். மற்ற மூன்றுக்கும் அவள் வைத்த பெயர்கள் மாரிக் களப்பு, முகத்துவாரம், கோடைக் களப்பு. மழைக் காலத்தில் களப்புத் தண்ணீரில் உப்புக் குறைவு. மணல் திட்டை வெட்டிக் கடலை உள்ளே விட்டால் கூடும். கோடையில் வற்ற வற்ற இன்னும் ஏறும். உப்பு அளக்கும் கருவி கல்லூரியில் இருந்தது, அதையும் அவள் பாவித்தாள். ஆனால் வாளிக்குள் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்து, “இது சித்திரைத் தண்ணி, கூடிப்போச்சு,” என்று சொன்ன பிறகுதான் கருவியை எடுப்பாள்.

மேலே பார்த்தால் பாத்தி பெரிய அழகில்லை. இலை சிறுத்து, ஓரம் கருகி, சவண்டு கிடக்கும். பீற்றூட்டின் தோள் மண்ணுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற பயிர். அதையும் அவள் விடவில்லை. மண் அணைத்து, வைக்கோல் போட்டு மூடிவிட்டாள். வெயிலுக்கு என்றாள். கொஞ்ச நாளில் எனக்கு விளங்கியது, வெயிலைவிட எங்கள் கண்களுக்குத்தான் அவள் பயந்தாள்.

பங்குனியில் ஒல்லாந்துப் பண்ணைக்காரி வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல், நெடுவல், தடித்த சப்பாத்து. இரண்டு நாள் தங்கிப் பாத்திகளைப் பார்த்து, ஆளைத் தெரிவு செய்துகொண்டு போவது வழக்கம். எல்லாப் பாத்திகளையும் ஒரே நாளில்தான் கிண்டி விளைச்சல் எடுக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. அந்த நாள் வருவதற்குள் அவள் விமானம் ஏறிவிடுவாள். ஆகவே கிண்டிக் காட்ட முடியாது, வாயால்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிப் பிழைத்தவன் என்பதால் மொழிபெயர்ப்பு வேலை என் தலையில் விழுந்தது.

முதல் பாத்தி நெளுக்குளத்துப் பெடியன் ஒருவனுடையது. சொட்டு நீரில் தக்காளி. காய்ப் பாரம் தாங்காமல் தடி கட்டியிருந்தான்.

“உம்முடைய பயிர் எப்படி இருக்கிறது?” என்று பண்ணைக்காரி கேட்டாள்.

“ஏதோ கிடக்கு,” என்றான்.

காளான் செய்த பிள்ளை, “சொல்லுறதுக்கு ஒண்டுமில்லை,” என்றாள். கொக்கிளாய்ப் பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “பெரிசா ஒண்டுமில்லை. இனித்தான் பாக்கவேணும்,” என்றாள். எல்லாவற்றையும் நான் ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலமாக்கினேன். கடைசியாக என் முறை வந்தது. குருவி தின்றது போக நாலைந்து தண்டு நின்ற பாத்தியின் முன்னால் நின்று, அறிக்கை எழுதிப் பழகிய வாயால், “மிகவும் நம்பிக்கை தருகிறது,” என்றேன்.

அன்று பின்னேர வகுப்புக்கு முதல் கல்லூரி அதிபர் கன்ரீனுக்குள் வந்தார். நாங்கள் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம்.

“என்ன கதை கதைச்சு வைச்சிருக்கிறியள் எல்லாரும்? தக்காளியை அவா கண்ணால கண்டிட்டா, சரி. பீற்றூட்டுக்குள்ள ஒண்டுமில்லையாம் எண்டு விளங்கிக்கொண்டு நிக்கிறா. உவர் நிலத்துக்கு ஆள் தேடி வந்தவா, இப்ப வேற ஆளைப் பாக்கவோ எண்டு கேக்கிறா.” பிறகு என்னைப் பார்த்தார். “உங்களைப் பற்றியும் விசாரிச்சா. அந்தப் பெரியவருக்கு நல்ல நம்பிக்கை இருக்குதாம்.”

கன்ரீன் முழுக்கச் சிரித்தது. கொக்கிளாய்ப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

இதில் பிழை யாருடையது என்று சொல்வது கஷ்டம். எங்கள் பக்கத்தில் விளைந்து நிற்கிற பயிரை அதை வளர்த்தவன் தன் வாயால் நல்லது என்று சொல்லமாட்டான். சொன்னால் நாவூறு. பிறத்தியார் கண்ணைவிடத் தன் சொந்த நாக்கு மோசம் என்பது எங்கள் எண்ணம். வயல் பொன்னாய் நிற்கும், கேட்டால் ‘ஏதோ கிடக்கு’ என்பான். கேட்கிறவனும் ஏதோ கிடக்கு என்றால் நல்லாகக் கிடக்கு என்று விளங்கிக்கொண்டு போவான். களப்பிலும் இதே சட்டம்தான். வள்ளம் நிறைய மீனோடு கரைக்கு வருகிறவனை யாரும் ‘எவ்வளவு?’ என்று கேட்பதில்லை, கேட்டாலும் அவன் சொல்வதில்லை. சைவம், வேதம் என்று கோயில் வேறாகப் போனவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கோயில். அதிபரும் இந்த ஊர்தான். கல்லூரி எப்படிப் போகிறது என்று யார் கேட்டாலும் “ஏதோ நடக்குது” என்பவர்தான்.

கன்ரீனை விட்டு வெளியே வந்ததும் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்கிள், ஒரு வழி சொல்லுங்கோ.”

“வழி என்ன வழி? நல்லா விளைஞ்சிருக்கெண்டு நாளைக்குச் சொல்லிப்போடு.”

“சொல்லிப்போட்டு, அடுத்த நாள் அழுகினால் நீங்களோ வந்து நிப்பியள்?”

“உண்மையா, உள்ளுக்கு எப்பிடி? பாத்தனியோ?”

“விரலால தடவிப் பாத்தனான்.”

“என்ன பருமன்?”

அவள் நாலு பக்கமும் பார்த்தாள். கையைப் பொத்தி எனக்குக் காட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையைச் சட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். “ஒண்டும் சொல்லாதேங்கோ!”

பின்னேர வகுப்பில் அன்றைக்கு உலகம் இல்லை. அதிபர் எங்களுக்குப் பெருமை பேசப் பயிற்சி கொடுத்தார். ஒவ்வொருவராக முன்னால் வந்து, என் பயிர் நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தக்காளிப் பெடியன் மூச்சைப் பிடித்துச் சொல்லி முடித்துவிட்டு, பக்கத்தில் திரும்பித் ‘தூ, தூ, தூ’ என்று துப்பினான்.

“அந்த அம்மாவுக்கு முன்னால துப்பாதையும்,” என்றார் அதிபர்.

“அப்ப சொல்லேலாது சேர்.”

கொக்கிளாய்ப் பிள்ளை ‘என்னுடைய பீற்றூட்’ என்பதுவரை வந்தாள். அதற்கு மேல் போகவில்லை. மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில் நின்றாள். முகம் பீற்றூட் நிறத்துக்கு வந்த பிறகு, “சேர், வேற சொல்லு ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டாள். அதிபர் சோக்கட்டியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். பகிடி பண்ணிக்கொண்டிருந்த வகுப்பு அப்போதுதான் அடங்கியது. நாளைக்கு மத்தியானம் பண்ணைக்காரி போகிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் காலை நாங்கள் பாத்தியடியில் நின்றபோது, வாசலில் பஸ் நின்று ஒரு பெண் இறங்கினாள். கொக்கிளாய்ப் பிள்ளையின் தாய். மகளுடைய அலுவல் இன்றைக்கு முடிவாகிறது என்று கேள்விப்பட்டு, முதல் பஸ்ஸுக்கே வெளிக்கிட்டு வந்திருக்கிறா. கூடவே ஒரு ஐஸ் பெட்டி. கொண்டக்டரும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை இறக்கினார்கள். தக்காளிப் பெடியனும் நானும் போய்த் தூக்கிக்கொண்டு வந்தோம். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

பண்ணைக்காரிக்கு ஆளை அறிமுகப்படுத்தினோம். மீன்பிடிக்கும் குடும்பம் என்றதும் அவள் மரியாதையாகக் கேட்டாள், “இந்த முறை மீன்பாடு எப்படி?”

“எங்க... ஒண்டுமில்லை. பிள்ளையளுக்குக் கறிக்கு ஏதோ பட்டது, கொண்டந்தனான்,” என்று சொல்லிக்கொண்டே தாய் பெட்டியின் மூடியைத் திறந்தா. வாய்வரைக்கும் றால். ஒவ்வொன்றும் என் கைவிரல் நீளம், சில மீசையை ஆட்டிக்கொண்டு.

“ஒன்றும் படவில்லை என்று சொல்கிறா,” என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பண்ணைக்காரி பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் ஆங்கிலத்தில் அவளுக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது அந்த நேரத்தில்தான்.

வேறு வழியில்லாமல் நாவூறு பற்றி அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாசித்தவனிடம் ஒரு விஷயத்தைக் கேட்டால் அது கிரேக்கர் காலத்திலிருந்துதான் தொடங்கும். எகிப்து, மத்தியதரைக் கடல் என்று சுற்றி நான் கொக்கிளாய்க்கு வந்து சேர்வதற்குள் றாலுக்குக் கீழே ஐஸ் உருகத் தொடங்கிவிட்டது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“சரி, நன்றாகப் பட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். உண்மையிலேயே ஒன்றும் படாத நாளில் என்ன சொல்வார்கள்?”

நான் தாயிடம் கேட்டேன்.

“ஒண்டும் படாட்டியோ? இனித்தான் படும், நல்லாப் படும் எண்டு சொல்லுவம். அப்பிடிச் சொல்லாட்டி அடுத்த நாள் ஆர் வள்ளம் இறக்கிறது?”

இதையும் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். பண்ணைக்காரி மெதுவாகத் தலையைத் திருப்பி என் கீன்வாப் பாத்தியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். குருவிகள் காலைச் சாப்பாட்டில் இருந்தன.

பிறகு அவள் பீற்றூட் பாத்தியருகே போய்க் குந்தியிருந்தாள். பயிர் எப்படி என்று இந்த முறை அவள் கேட்கவில்லை. “இதில் என்னென்ன பிழையாகப் போனது? அதைச் சொல்லு,” என்றாள்.

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை தொடங்கிவிட்டாள்.

“முதல் நடுகை முழுக்கப் போச்சு. விதைக்கு உப்புத் தண்ணி காட்டினால் முளைக்கவே முளைக்காது. அது எனக்குத் தெரியாது. பிறகு நல்ல தண்ணியில முளைக்க வைச்சு, நாலு இலை வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கினன். பிறகு இலையில படுற மாதிரி ஊத்தி எரிச்சுப்போட்டன். மத்தியானம் ஊத்தினது இன்னும் பிழை. வேருக்கு மட்டும், விடிய வெள்ளன. பிறகு மேல்மண் வெள்ளையாக் கட்டிப்போச்சு, அந்தா அந்த மூலை, பாருங்கோ. அதுக்குத்தான் வைக்கோல். மூண்டு உப்புத் தண்ணிக்கு ஒருக்கா நல்ல தண்ணி விடவேணும், இல்லாட்டிக் கட்டும். கோடைக் களப்பு முழுக்கச் செத்துப்போச்சு. அதை இனிச் செய்யேலாது, ஆரும் செய்யேலாது. முகத்துவாரத்தில பாதி தப்பிச்சுது...”

அவள் ஒவ்வொரு துண்டாகப் போய்ச் செத்த செடியைத் தூக்கிக் காட்டினாள். வேரைக் காட்டினாள். இங்கே அவசரப்பட்டேன், அங்கே பயந்தேன் என்றாள். பிழையாகப் போனதைச் சொன்னால் நாவூறு படாது. ஆகவே அவளுடைய நாக்குக்குக் கட்டு ஒன்றும் இருக்கவில்லை. நான் மொழிபெயர்க்கப் பின்னால் ஓடினேன். கொஞ்ச நேரத்தில் என்னை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே சொல்லத் தொடங்கினாள். வினை பெயர் எல்லாம் தாறுமாறு. பண்ணைக்காரிக்கு எல்லாம் விளங்கியது. இடையிடையே “எங்களுக்கும் அதேதான்” என்றும், “அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு போகம் போனது” என்றும் சொன்னாள். மாரிக் களப்புத் துண்டைப் பற்றிப் பிள்ளை ஒரு சொல்லும் சொல்லவில்லை. பண்ணைக்காரியும் கேட்கவில்லை. அந்தத் துண்டின் ஓரத்தில் வைக்கோலை ஒருமுறை தூக்கிப் பார்க்கக் கையை நீட்டியவள், பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

எழும்பி நின்று, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு அதிபரிடம் சொன்னாள், “இவள்தான்.”

மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. தக்காளிப் பெடியன் கை தட்டினான். அவனுக்கும் அந்த இடத்தில் ஆசை இருந்தது, ஆனாலும் தட்டினான். பிள்ளை அழுதுகொண்டு தாயைப் பார்த்தாள். தாய் சிரிக்கவில்லை.

“தம்பி, இவவிட்டைக் கேளுங்கோ,” என்று என்னிடம் சொன்னா. அந்த வளவுக்குள் என்னைத் தம்பி என்றது அவா ஒருவர்தான். “அந்தப் பண்ணைக்குக் கடல் கிட்டவோ?”

கிட்டத்தான் என்றாள் பண்ணைக்காரி. பிறகு அங்குள்ளவர்களின் பழக்கமோ என்னவோ, எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள். நிலம் கடலைவிடப் பள்ளம். பண்ணையில் நின்றால் கடல் தெரியாது, அதை மறிக்கிற அணைக்கட்டுத்தான் தெரியும். கடல் கட்டுக்கு அந்தப் பக்கம், தலைக்கு மேல் உயரத்தில்.

நான் சொல்லச் சொல்லத் தாயின் முகம் மாறியது. “கடல் மேலயோ?” என்றா. பெட்டியின் மூடியில் கையை ஊன்றினா. “எங்கட வீட்டுக்குள்ள ஒருக்கா வந்தது தம்பி.”

அதை நான் மொழிபெயர்த்தேன். அந்தக் கரையைப் பற்றிப் பண்ணைக்காரிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். “சுனாமி,” என்றாள்.

“கட்டை ஆர் பாக்கிறது?”

அதற்கென்றே ஆட்கள், இரவும் பகலும்.

“எப்பவாவது உடைஞ்சதோ?”

பிள்ளை என்னைப் பார்த்தாள். அவள் கண் என்ன கேட்டது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பல வருடம் அறிக்கை எழுதிய கைக்கு இப்படியான இடத்தை மினுக்குவது பெரிய வேலையில்லை. ஆனால் எதிரில் நின்றது நிதி கொடுக்கிற நிறுவனமல்ல, ஒரு தாய். கேள்வியை அப்படியே கேட்டேன். பண்ணைக்காரி தாயின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

“உடைஞ்சதாம்,” என்றேன். “இவ பிறக்க முதல். ஒரு இரவில. கனபேர் செத்தவையாம். இவவின்ர சொந்தத்திலயும் ஆக்கள். பிறகுதான் இப்பத்தைய உயரத்துக்குக் கட்டினவையாம்.”

பிள்ளை சிலுவையை விரலுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நேரம் அறிக்கை எழுதும் தொழிலுக்கே திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது.

“உடைஞ்சதெண்டு சொல்லுறா,” என்று தாய் தனக்குத்தானே சொல்லுவதுபோலச் சொன்னா. “உடையாது எண்டு சொல்லியிருந்தால் விடமாட்டன்.” பிறகு பண்ணைக்காரியை நேரே பார்த்து, தமிழிலேயே, விரலை உயர்த்திச் சொன்னா, “போகட்டும். ஆனா பிள்ளை படுக்கிறது மேல்மாடியில.”

நான் சொன்னேன். பண்ணைக்காரி தலையாட்டினாள். கூரைக்குக் கீழே ஒரு அறை இருக்கிறது, ஆனால் மாரியில் அங்கே குளிர் தாங்காது, கீழ் அறைதான் சூடு என்றாள். குளிரைப் பற்றித் தாய்க்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை. “மேல,” என்று இன்னொருக்கா சொல்லிவிட்டு, றால் பழுதாகப் போகுது, பெட்டியைக் குசினிக்குத் தூக்குங்கோ என்று எங்களை விரட்டினா.